காலையில் ஒரு நீர் மாத்திரை

ஹட்டன் நகரில் ஒரு மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். "காலையில ஒண்ணு, சாப்பிட்ட பொறகு. ஒரு நாளும் விடக்கூடாது" என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. உறையில் தமிழில் எழுதிக் கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சூரியனை வரைந்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுப்பேன். அந்தச் சூரியனில் எனக்குப் பெரிய பெருமை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அக்கா வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறாள். ஐம்பத்து நான்கு வயது. இரண்டு வருடத்துக்கு முன் படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது, கால்கள் இரண்டும் வீங்கின. இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அன்றிலிருந்து மாதம் ஒரு கிளினிக், மூன்று வகை மாத்திரை. அதில் ஒன்று உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்கும் மாத்திரை. நீர் மாத்திரை என்போம். அது ஒழுங்காக உள்ளே போனால்தான் நெஞ்சில் நீர் கோக்காது, அக்கா படுத்து மூச்சு விடலாம்.

ஆனால் கால் வீக்கம் வற்றவே இல்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் டாக்டர் அவள் காலை விரலால் அழுத்துவார், பள்ளம் விழும். மருந்து குடிக்கிறாயா என்று சிங்களத்தில் கேட்பார். "ஓவ் மஹத்தயா" என்று அக்கா தலையாட்டுவாள். வெளியே வாங்குகளில் ஆட்கள் நிறைய உட்கார்ந்து காத்திருக்க, அவருக்கும் அதற்கு மேல் கேட்க நேரமில்லை. போன மாசி மாதம் நீர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். காலையில் இரண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போனேன். மாத்திரை வைக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்தால், மற்ற இரண்டும் கணக்காகத் தீர்ந்திருந்தன. நீர் மாத்திரை மட்டும் உறை உறையாகக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டின்னை அப்படியே பாயில் கொட்டினேன்.

"என்னக்கா இது? டாக்டர்கிட்ட குடிக்கிறேன்னு சொல்லிட்டு இங்க சேத்து வச்சிருக்கீங்களா?"

"லீவு நாள்ல குடிக்கிறேன்டா."

"லீவு நாள்லயா? இது என்ன மிட்டாயா, தோணுனப்ப திங்கிறதுக்கு?"

அவள் கொட்டிக் கிடந்ததைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஏன் குடிக்கவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கடையில் வாய் கிழியப் பேசுகிறவனுக்கு அந்த ஒரு கேள்வி வரவில்லை. நாளையிலிருந்து ஒழுங்காகக் குடிக்காவிட்டால் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று மட்டும் வந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"சரிடா. குடிக்கிறேன்" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் கடைக்கு அழைப்பு வந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்து, அக்காவோடு மலைக்குப் போகும் பெண்.

"தம்பி, அக்கா மலையில மயங்கி விழுந்துட்டாங்க. கொழுந்து லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். வெரசா வாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை குத்திய காயம். உதடு வெடித்திருந்தது. வார்டில் தமிழ் பேசும் ஒரு தாதி இருந்தார். அவர் அக்காவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரமாகக் குனிந்து கேட்டார்.

"வறண்டு போய்க் கெடக்கேம்மா. காலையிலருந்து தண்ணி குடிச்சீங்களா?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டு நாளா மலையில தண்ணி குடிக்கல மிஸ். தேத்தண்ணியும் குடிக்கல. அந்த மாத்திர போட்டா அர மணிக்கு ஒருக்கா வருது. மேமலையில கக்கூசு ஏது? லயத்துக்கு எறங்கி ஏற ஒரு மணி நேரம் ஆகுது. இடுப்பு ஒசரத் தேயில, சரிவு வேற. குந்துனா மேல நிக்கிறவங்களுக்குத் தெரியாதா? திங்கக்கெழம மூணு தடவ ஒதுங்குனேன். கொழுந்து எடுக்க வந்தியா, குந்த வந்தியான்னு கங்காணி எல்லார் முன்னுக்கும் கேட்டுட்டாரு. தண்ணி குடிக்காம இருந்தா வராதுன்னு நெனச்சேன்."

"தம்பிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"ஆம்பளப் புள்ளகிட்ட இத எப்புடி மிஸ் சொல்றது?"

எனக்கு அங்கே நிற்கவே கூசியது. நீரை இறக்கும் மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், மாசி வெயிலில் கூடை சுமந்தால் உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் கடையில் எனக்குச் சம்பளம். அவளை அந்தச் சரிவில் உருட்டிவிட்டது என் அதட்டல்தான்.

ஆனால் என்னைத் திட்டிக்கொண்டால் மட்டும் என் கோபம் அடங்குவதாக இல்லை. கொழுந்து நிறுக்க மேமலை வரைக்கும் தராசைத் தூக்கிப்போகத் தெரிந்த தோட்டத்துக்கு, அங்கே நாலு தகரம் அடித்து ஒரு கக்கூசு வைக்கத் தெரியவில்லை. அதே மலைக்கு அடியில், வெளியூர்க்காரர்கள் வேனை நிறுத்தித் தேத்தண்ணி குடித்துப் படம் எடுக்கும் இடத்தில், பளபளவென்று கல் பதித்த கழிப்பறை இருக்கிறது. கண்ணாடி கூட மாட்டியிருக்கிறார்கள். தேயிலையைக் குடிக்கிறவர்களுக்கு அவசரம் வரும் என்று தெரிந்திருக்கிறது. பறிக்கிறவர்களுக்கு வராது போலிருக்கிறது!

வார்டு டாக்டர் ஓர் இளம் பெண். தாதி சிங்களத்தில் விஷயத்தைச் சொல்ல, கேட்டுக்கொண்டார். மாத்திரையை மறுபடி ஒன்றாகக் குறைத்தார். காலையில் வேண்டாம், வேலை முடிந்து லயத்துக்கு வந்ததும் நாலரை மணிக்குப் போடட்டும், தூங்கப் போகுமுன் வேலையை முடித்துவிடும் என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளவு சொல்லி, அதைப் பகலிலும் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும் என்றார். மூச்சு முட்டினால் அன்றைக்கே வர வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. இரண்டு வருடமாக அந்த இரண்டு நிமிடம் யாரிடமும் இருக்கவில்லை.

அக்கா வீடு திரும்பிய வாரம் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா நாற்காலி போட்டு உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார்.

"ஒருத்தருக்காக மலைக்கு மலை கக்கூசு கட்ட ஏலுமா தம்பி?"

"ஏங்கய்யா, எங்க அக்கா ஒருத்தருக்குத்தான் வருதுங்களா?"

அவர் சிரித்தார். தோட்டத் துரையிடம் சொல்வதாக, நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். எட்டு மாதம் ஆகிறது, மேமலையில் ஒரு தகரம்கூட ஏறவில்லை.

கடையில் இப்போது நீர் மாத்திரை உறையில் சூரியன் வரைவதற்கு முன் கேட்கிறேன்: "காலையில எங்கம்மா இருப்பீங்க?" மலையில் என்றால், நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள், விடவும் விடாதீர்கள், கிளினிக்கில் இதைச் சொல்லி நேரம் மாற்றிக் கேளுங்கள் என்று அவர்கள் கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் கொடுக்கிறேன். சிலர் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, நானும் போடுறதில்ல" என்றாள்.

அக்காவின் கால் வற்றிவிட்டது. போன கிளினிக்கில் டாக்டர் அழுத்திப் பார்த்தார், பள்ளம் விழவில்லை. இப்போதாவது சொன்னதைக் கேட்கிறாயே என்று சந்தோஷப்பட்டாராம்.

போன வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நான் லயத்தில் இருந்தேன். அக்கா மலையிலிருந்து இறங்கி வந்து இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டாள். பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். மலையில் குடிக்கச் சொல்லி நான் வாங்கிக் கொடுத்த போத்தல். காலையில் நிரப்பியது கழுத்து வரை அப்படியே இருந்தது.

மூடியைத் திருகி, அந்தத் தண்ணீரில்தான் மாத்திரையை விழுங்கினாள்.