முதல் கம்பத்துச் சங்கு

நாரணாபுரத்தை ஒட்டிய பட்டாசு கம்பெனி ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. அதே கம்பெனியில் முதல் வரிசை அறைகளில் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை அம்மாவுக்கு. அதனால் ஊரே மழைக்கு ஏங்கும்போது நான் மட்டும் மேகத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன். இடி விழும் நேரத்தில் மருந்து அறைக்குள் ஆள் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு சங்கு. அலுவலகத்திலிருந்து நான் ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாச் சங்கும் ஒன்றாக ஊதும்.

அந்தக் கட்டளையை எல்லாக் கம்பத்துக்கும் கொண்டுபோகிற மென்பொருள், எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் இலவசமாக விட்டது. அதில் புதிய பதிப்பு வந்திருந்தது. பழையதில் ஓட்டை விழுந்தால் இனி யாரும் அடைக்கமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்று காலையில் புதியதை ஏற்றி, ஒவ்வொரு சங்காக ஊதவிட்டுப் பார்த்தேன். முதல் வரிசைக்கு மட்டும் மேனேஜர் விடவில்லை.

“சீசன் நேரத்துல அங்கன வேலைய நிப்பாட்டாதம்மா. ஆர்டர் கெடக்கு. மத்ததெல்லாம் ஊதுதுல்ல?”

சுள்ளென்று கோபம் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மத்தியானம் இருக்கன்குடிப் பக்கம் வானம் கறுத்தது. செல்போனில் இடி எச்சரிக்கை வந்ததும் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் எல்லாக் கம்பமும் பச்சை. முதல் கம்பம் மட்டும் சிவப்பு. மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் சிவப்பு.

வெளியே மற்ற சங்குகள் ஊதின. முதல் வரிசைக்காரர்கள் அதைக் கேட்டு எழுந்திருக்கமாட்டார்கள். அவரவர் வரிசைச் சங்குதான் அவரவருக்கு உத்தரவு. அதிலும் காலையிலிருந்து நான்தான் சோதனைக்காக மற்ற சங்குகளை அலறவிட்டிருந்தேன். போனில் சொல்லவும் வழியில்லை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அம்மா மடியில் காகிதக் குழாயோடு குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

வாசலில் நின்ற போர்மேனைக் கூப்பிட்டேன். “அண்ணாச்சி, மொதக் கம்பம் ஊதல. ஓடுங்க.”

அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். முதல் வரிசை வேலியோரம், தூரத்தில் இருந்தது.

சிவப்பு வரியைப் படித்தேன். இந்தக் கம்பம் ஊத வேண்டுமா என்பதற்கு எழுதியிருக்கும் பதிலை ஆம் என்று எடுப்பதா, இல்லை என்று எடுப்பதா, தெரியவில்லை என்றது. கீழே அந்தப் பதில்: லாபம்.

கம்பங்கள் நட்டபோது விவரம் ஏற்றியவர் இந்தப் போர்மேன்தான். சங்கு ஊத வேண்டிய கம்பத்துக்கு ஒன்று, பழுதான கம்பத்துக்குப் பூஜ்யம் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதை எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்லாத மனுஷன். நெல் அளக்கிறவர்கள் மங்கலத்துக்குச் சொல்வதைப் போல லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார். மற்றதற்கெல்லாம் ஒன்று போட்டவர், ஆரம்பித்த முதல் கம்பத்துக்கு மட்டும் லாபம் என்றே அடித்து வைத்திருக்கிறார். பழைய பதிப்பு எதை எழுதினாலும் ஆம் என்று தலையாட்டும், காலையில் நான் ஆட்டியதைப் போல. புதியது கறாராகக் கேட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழித்தேன். அவசரத்தில் விரல் வேறு எங்கோ தட்டியது. ஒன்று என்று திரும்ப அடித்தேன். அதற்குள் ஒரு இடி இடித்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டே கட்டளையைக் கொடுத்தேன். முதல் கம்பம் ஊதியது.

கேட்டுக்கு ஓடினேன். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டபடி வந்தார்கள். வந்த முகம் எதுவும் அம்மா முகமாக இல்லை. எல்லோருக்கும் பின்னால், போர்மேனுக்கு முன்னால், கையெல்லாம் மருந்துப் பொடியோடு அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“எதுக்குத்தா அழுவுற? அதான் வந்துட்டம்ல.”

போர்மேனைக் கிழித்துத் தொங்கவிடவேண்டும் என்று வாய்வரை வந்துவிட்டது. அவருக்கு மூச்சு வாங்கியது. வெளியே வந்தவர்களை எண்ணிப் பார்ப்பது அவர் வேலை. எங்கள் பக்கமிருந்து ஆரம்பித்து, அம்மாவை நோக்கி விரலை நீட்டினார்.

“லாபம்” என்றார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டு போனார்.