மேசைக்கடியில் மிதித்த பாதம்

என் மனைவியின் கைகால்கள் மரத்துப்போனதற்கு நானே காரணம். மருத்துவரிடம் சொல்ல அவள் வாயெடுத்தபோது தடுத்தவன் நான்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். கண்ணாடி பார்க்கும்போது நானும் அதைத்தான் செய்கிறேன்.

போடியில் எனக்கு ஏலக்காய்க் கடை. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டையில் நாலு காய் உள்ளே மணியில்லாத பொக்காக இருந்தாலும் தெருவே கேட்கக் கத்துவேன். வாய்க்காரன் என்று பெயர்! என் மனைவி முருகேஸ்வரி கடையில் உட்கார்ந்து காய் பிரிப்பாள். நாம் கண்ணால் பார்ப்பதற்குள் அவள் விரல் பொக்கைத் தள்ளியிருக்கும்.

அவளுக்கு மார்பில் கட்டி என்று மதுரைக்குப் போனோம். ஊசி மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாம் முறை போனபோது மருத்துவர் மற்றவர்களிடம் எங்களைக் காட்டி, "இவங்கள மாதிரி இருக்கணும், ஒரு தொந்தரவும் கிடையாது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெண்டாட்டிக்குத் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது, எனக்கு உச்சி குளிர்கிறது… சீ!

நான்காம் ஊசிக்குப் போகும்போது பஸ்சில் அவள் சொன்னாள்: "என்னங்க, விரலெல்லாம் மதமதன்னு கெடக்கு. காயத் தொட்டா தொட்ட மாதிரியே இல்ல. டாக்டருகிட்டச் சொல்லிப்புடுங்க."

"சொல்றேன், பேசாம வா."

மருத்துவரே கேட்டார், "கை கால் மரத்துப்போகுதாம்மா?" என்று. அவள் வாயைத் திறந்தாள். நான் மேசைக்கடியில் அவள் பாதத்தை மிதித்தேன். பேசாதே என்பதற்கு எங்களுக்குள் அதுதான் சாடை. குதிகாலால், அழுத்தி…

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! மிதிபட்டதே அவளுக்குத் தெரியவில்லை. காலிலும் உணர்ச்சி போயிருந்தது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியும், அவளை முந்திக்கொண்டு சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் இருக்கா."

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் போய் மருந்துச் சீட்டு வாங்கி வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். "தனியாப் பாத்துச் சொல்லிட்டேன். போகப் போகச் சரியாயிருமாம்" என்றேன். நம்பினாள்… பாவி, நம்பிவிட்டாள்!

ஏன் அப்படிச் செய்தேன்? மருந்தைக் குறைத்தால் நோய் தங்கிவிடும் என்று பயந்ததாக எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொய். அந்த மருத்துவர் முகம் சுளிக்கக் கூடாது, என் நல்ல பெயர் கெடக் கூடாது. அவ்வளவுதான்.

நோய் போய்விட்டது. கைகாலில் போன உணர்ச்சி திரும்பவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா மருந்தக் குறைச்சிருக்கலாமே" என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதையும் அவளிடம் மறைத்தேன்.

இன்று அவளுக்கு ரவிக்கைக் கொக்கி மாட்ட நான் வேண்டும். கடைவீதியில் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்துபோவாள். நான் எடுத்துவந்து குனிந்து மாட்டிவிடுவேன். "பொண்டாட்டிய எப்பிடித் தாங்குறான் பாரு" என்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியும் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது! எப்பேர்ப்பட்ட பிறவி நான்?

போன வாரம் சிலமலையிலிருந்து அவள் அண்ணன் வந்தார். அவர் மனைவிக்கும் இதே நோய். பரிசோதனைத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை என்று கலங்கினார்.

"இவுகளக் கூட்டிட்டுப் போண்ணே" என்றாள் முருகேஸ்வரி. "எனக்காக எல்லாம் இவுகதான் பேசுனாக."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வாங்க மாப்ளே. நீங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம்."

உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா?

"வர்றேன் மச்சான்" என்றேன்.