ஒரு ஸ்தாயி கீழே

இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற பஜாரில் எங்களுக்குக் குழாய்க் கடை. குழாய், வால்வு, எல்போ வளைவு, இவற்றுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். தண்ணீர் வரவில்லை என்றால் எங்கேயோ அடைப்பு இருக்கிறது, தேடினால் கிடைக்கும், எனக்குத் தெரிந்த தத்துவம் அவ்வளவுதான். ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன், பயத்தில் இல்லை, அலுப்பில். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் ராத்திரியில் இல்லை, நல்ல பகலில், டிரம்ஸும் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயரும் அலறிக்கொண்டிருந்த ஒரு வீட்டில்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கடை நேரம் போக மீதி நேரமெல்லாம் எனக்குக் கிட்டார்தான். மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்னக் குழு வைத்திருந்தோம். நான் கிட்டார், கரமனைக்காரன் பிஜு டிரம்ஸ், செல்வின் பேஸ் கிட்டார். கோவளத்து ஓட்டல்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசிப்போம். செல்வின் பாறசாலைப் பக்கத்துப் பையன், பிளம்பர், எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்துதான் பழக்கம். அவன் பேஸ் வாசிக்கும்போது வாயும் கூடவே முனகும், தனக்கே தெரியாமல் முனகுவான். மேடையில் மைக்கை அவன் பக்கத்தில் வைக்க மாட்டோம். நானும் அவனும் சேர்ந்து ஒரு மெட்டுப் போட்டிருந்தோம், மெதுவான மெட்டு, பாட்டு வரிகள் கிடையாது, பேரும் வைக்கவில்லை. அதில் மூன்றாவது அடியில் எல்லோரும் நேராகப் போய் நிற்கிற ஸ்வரத்தில் அவன் நேராக நிற்கவே மாட்டான், கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு வந்துதான் ஏறுவான். எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான்.

செல்வினுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வளைகுடாவில் குழாய் பதிக்கிற வேலைக்கு விசா வந்து கிளம்பிவிட்டான். அவன் மனைவி ஸ்டெல்லா நேமத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டிலேயே இருந்தாள். எங்கள் டிரம்ஸும் ஆம்பும் அந்த வீட்டு முன்னறையில்தான் கிடந்தன, ஆகவே பயிற்சியும் அங்கேயே தொடர்ந்தது.

பேஸ் இல்லாத பாட்டு எப்படியிருக்கும் தெரியுமா, வீட்டுக்குத் தரை போடாமல் சுவர் மட்டும் கட்டினதுபோல. வேறு ஆள் தேடினோம், சரிப்படவில்லை. பிஜுதான் ஆக்டேவ் பெடல் என்று ஒன்று இருக்கிறது என்றான். காலால் அமுக்குகிற சின்னப் பெட்டி, கிட்டார் கேபிளை அதில் செருகினால் நாம் வாசிக்கிற ஸ்வரத்தோடு அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே சேர்த்து ஒலிக்கும், ஒரே ஆள் இரண்டு ஆள் மாதிரி. புளிமூடு பக்கம் மாடியில் ஒரு வாத்தியக் கடை இருந்தது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து தள்ளுகிற பழைய பெடல்களெல்லாம் அங்கே வரும். என் கிட்டாரையே தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். ஒன்று கீழே போவதற்குப் பதில் மேல் ஸ்தாயிக்குப் போய்க் குளவி மாதிரி இரைந்தது. இன்னொன்று புதுசு, விளக்கெல்லாம் மின்னியது, ஆனால் கீழ்க்குரல் அரை நொடி தாமதமாக வந்து சேர்ந்தது, டிரம்ஸோடு அது ஒட்டாது. மூன்றாவது பெயின்ட் உதிர்ந்த கனத்த இரும்புப் பெட்டி. ஒரே ஒரு தந்தியை மீட்டினேன். கீழேயிருந்து இன்னொருவன் கூட எழுந்து நின்றதுபோல இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

பழகுவதற்குச் சில வாரங்கள் ஆயின. அதற்கு ஒரு நேரத்தில் ஒரு தந்திதான் புரியும், இரண்டு தந்தி சேர்ந்து ஒலித்தால் குழம்பிப்போய்த் தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி கரகரக்கும். கிட்டாரின் கழுத்துப் பக்கம் ஒலி பிடிக்கிற பிக்கப்பைப் போட்டு, டோனைக் குறைத்து, மற்ற எல்லாப் பெடலுக்கும் முன்னால் இதை வைத்தால்தான் சுத்தமாகக் கேட்கும். தந்தி ஓய்கிற நேரத்தில் சில சமயம் தப்பான ஒரு ஸ்வரத்தை உளறிவிட்டு அடங்கும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பெட்டியின் கோளாறெல்லாம் எனக்கு அத்துப்படி, பின்னால் கேட்டது அந்தக் கோளாறு இல்லை.

ஸ்டெல்லாவுக்கு அந்தப் பெடல் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து சொல்லவில்லை. செல்வின் வழக்கமாக நிற்கிற இடத்தில் நான் அதை வைத்தால், பெருக்குகிற சாக்கில் வந்து நகர்த்திவிட்டுப் போவாள்.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை, நல்ல மழைக்காலம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தோம். எதையெதையோ வாசித்துவிட்டு, கைக்கு வந்தது என்று அந்தப் பேரில்லாத மெட்டை எடுத்தேன். பெடல் ஒழுங்காகக் கீழே தொடர்ந்து வந்தது. முதல் சுற்று முடிந்து நிறுத்தினேன். கீழ்க்குரல் நிற்கவில்லை.

வழக்கமான உளறல் என்றுதான் நினைத்தேன். உள்ளங்கையை வைத்துத் தந்திகளை அமுக்கினேன். அப்போதும் ஆம்பிலிருந்து அந்த ஸ்வரம் வந்துகொண்டே இருந்தது, மெலிசாக, ஆடிக்கொண்டு, பிறகு தானாக ஒரு ஸ்வரம் கீழே இறங்கியது. பிஜு டிரம்ஸை நிறுத்திவிட்டு, எர்த்திங் பிரஷ்னம் என்றான். கரன்ட் இரைச்சல் எனக்குத் தெரியும், அது ஒரே ஸ்வரத்தில் கல்லுமாதிரி நிற்கும். இது நடுநடுவே நின்றது. நம்பினால் நம்புங்கள், மூச்சு வாங்குவதற்கு நிற்கிற மாதிரி நின்றது. கேபிளைப் பிடுங்கினேன், போய்விட்டது. செருகினேன், மறுபடி இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் மெட்டை மறுபடி வாசித்தேன். நான் வாசித்ததும் அது என்னைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. இரண்டு அடி சரியாக வந்தது. மூன்றாவது அடியில் நான் நேராகப் போய் ஸ்வரத்தில் நின்றேன். பெடல் என்றால் அதுவும் நேராக நிற்க வேண்டும், வேறு வழியே அதற்குக் கிடையாது. அது கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு வந்து ஏறியது.

தலையைத் தூக்கினால் அடுக்களை வாசலில் ஸ்டெல்லா நிற்கிறாள், கையில் சாம்பலும் பாத்திரமும் அப்படியே.

"அது அவியதான்," என்றாள், புருஷனைத்தான் சொல்கிறாள்.

பிஜு சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. நான் கையை எடுக்கப் போனதைப் பார்த்துவிட்டு அவள் இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"நிப்பாட்டாதீங்க அண்ணே. என்னவோ ஆயிருக்கு. நிப்பாட்டிராதீங்க."

வாசித்தேன். எத்தனை சுற்று வாசித்தேன் என்று கேட்காதீர்கள், கணக்கில்லை. விரல் நுனியில் தோல் உரிந்து தந்தி வழுக்க ஆரம்பித்தது. கொஞ்சம் வேகமாகப் போனால் அது பின்தங்கித் தடுமாறியது, ஆகவே மெதுவாக, இன்னும் மெதுவாக, ஒரு கிழவனைக் கைப்பிடித்துப் படியேற்றுகிற மாதிரி வாசித்தேன். பிஜு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வாய்க்குள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா ஆம்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அதன் முகப்புத் துணியில் கையை வைத்திருந்தாள், காய்ச்சல்காரன் நெஞ்சில் வைக்கிற மாதிரி.

அப்போது கரன்ட் போனது.

மழையில் கரன்ட் போவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் ஆம்ப் ஓய்ந்துபோன அந்த நிமிஷம் இருக்கிறதே. ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள், நான் நிறுத்தவில்லை. ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார் கொசு மாதிரித்தான் சத்தம் போடும், மழைச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தேன். கரன்ட் திரும்பி வந்தபோது கீழ்க்குரல் இருந்தது, ஆனால் அது வெறும் பெடல். நான் நேராக நின்றால் நேராக நின்றது, நிறுத்தினால் நின்றது.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு டெலிபோனுக்குச் செய்தி வந்தது. பதித்துக்கொண்டிருந்த பெரிய குழாய்க்குள் இணைப்பைப் பார்க்க செல்வின் தவழ்ந்து போயிருக்கிறான், பள்ளத்து மண் சரிந்து குழாயின் வாயை மூடிவிட்டது, மறுபக்கம் ஏற்கெனவே அடைத்திருந்த முனை. உள்ளே அவன் ஒருத்தன்தான். சனிக்கிழமை சாயங்காலம்தான் தோண்டி எடுத்தார்களாம். இடது கால் எலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது. ஸ்டெல்லா போனைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள், அன்றைக்கு நடந்ததை அவனிடம் சொல்ல வேண்டாம், அவன் பயந்துவிடுவான் என்று. பிஜுவிடமும் சொல்லிவைத்தோம். பிஜுவுக்கு அது கஷ்டமாகவே இல்லை, அவனைப் பொறுத்தவரை அது அப்போதும் எர்த்திங் பிரச்சினைதான், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான், சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவான்.

சில மாதம் கழித்து செல்வின் வந்து சேர்ந்தான், நொண்டி நொண்டி. இளைத்திருந்தானே தவிர கலகலப்பு குறையவில்லை. முதல் வாரமெல்லாம் உறவுக்காரர் கூட்டம். அது ஓய்ந்த ஒரு மாலை அவன் வீட்டு முன்னறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம், ஸ்டெல்லா சர்ச்சுக்குப் போயிருந்தாள். பேஸைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்தபடியே தானாக ஆரம்பித்தான், நான் ஒன்றும் கேட்கவில்லை, அது சத்தியம்.

"லே கணேசா, ஒண்ணு சொன்னா பைத்தியம்னு நெனைக்கப்பிடாது. அந்தக் குழாய்க்குள்ள கெடந்தப்ப ஒன் கிட்டார் கேட்டுது."

அவன் நிதானமாகச் சொன்னான். இருட்டில் தூக்கம் தூக்கமாக வந்ததாம், தூங்கினால் அவ்வளவுதான் என்று தெரிந்ததாம், அப்போது தலைக்கு மேலே எங்கேயோ அந்த மெட்டு கேட்க, விடாமல் கூடவே முனகிக்கொண்டு கிடந்திருக்கிறான். இடையில் ஒரு நேரம் சத்தம் ரொம்ப மெலிந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கொசு இரைகிற மாதிரி ஆகிவிட்டதாம், அதையும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே கிடந்தானாம். அதற்குப் பிறகுதான் மண்வெட்டிச் சத்தம்.

ஸ்டெல்லாவுக்குக் கொடுத்த வாக்கையெல்லாம் மறந்து, நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டேன். அவன் ஆச்சரியப்படவில்லை. அப்படியா என்று தலையை ஆட்டிக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான், ஊர்க்காரன் ஒருத்தனைப் பற்றி விசாரிக்கிற மாதிரிச் சாதாரணமாக.

"அப்போ மேல நீ. நடுவுல நான். எனக்குக் கீழ பாடினது ஆருலே?"

அப்படி எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை என்றேன். உங்களுக்கு எப்படிக் கேட்கும், அது அவ்வளவு கீழே என்றான். குழாயின் அடியிலிருந்து அதை முதுகில் உணர்ந்தானாம், என் கிட்டார் நின்ற இடத்திலெல்லாம் அது நிற்காமல் போனதாம். எப்படியிருந்தது என்று வாசித்துக் காட்டச் சொன்னேன், ஏன் சொன்னேனோ. பேஸின் ஆகக் கனத்த தந்தியை மீட்டினான், இல்லை என்று தலையை அசைத்தான். முறுக்காணியைத் திருகித் தந்தியைத் தளர்த்தினான். மீட்டினான். இன்னும் கீழே என்றான். மறுபடி தளர்த்தினான். தந்தி ஸ்வரம் இழந்து மரத்தில் பட்டுப் படபடவென்று அடித்தது. இன்னும் தளர்த்தினான். கடைசியில் அது கொடிக்கயிறு மாதிரித் தொங்கியது, விரல் பட்டபோது ஒரு சத்தமும் வரவில்லை, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

செல்வின் காதைச் சாய்த்துக் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான்:

"ஆங். இதுதான்."

அந்தப் பெடலை நான் பிறகு தொடவில்லை, யாருக்கோ கொடுத்துவிட்டேன். செல்வின் நன்றாகத்தான் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள், நேமத்திலேயே சொந்தமாகக் கடை போட்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் வாசிக்கிறான். மூன்று தந்திதான் வாசிக்கிறான். நாலாவதை, அந்த ஆகக் கனத்த தந்தியை, முறுக்க விடமாட்டான், அது அன்றைக்குத் தொங்கின மாதிரியே தொங்குகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சில நேரம் அவன் கட்டைவிரல் அதில் போய்ப் படும். சத்தம் ஏதும் வராது. அவன் வாய் மட்டும் அசையும், முனகுகிற அசைவு இல்லை, யாருக்கோ பதில் சொல்கிற அசைவு.