பச்சைத் துணிக்கு அடியில் ஒரு கை

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது கண்புரை ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது குணவதி சிஸ்டரின் மகள் போனில் சொன்னாள்: "சார், அம்மா போய்ட்டாங்க." கையைக் கழுவி முடித்தேன். பிறகு உள்ளே போய் ஆபரேஷனைச் செய்தேன். வேறென்ன செய்ய?

செஞ்சியில் எங்கள் சிறிய கண் மருத்துவமனைக்கு வந்த உங்களில் பலருக்கு அவர் முகத்தைவிடக் கைதான் நினைவிருக்கும். கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டு, முகத்தைப் பச்சைத் துணியால் மூடிய பிறகு, நோயாளிக்கு இருந்த ஒரே துணை அது. ஆபரேஷன் முடியும்வரை பிடித்த கையை விடமாட்டார்.

நான் சேர்ந்த புதிதில், சிங்கவரத்து விவசாயி ஒருவரிடம் "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல சார்" என்றார். கத்தியை எடுத்தேன்.

"நிறுத்துங்க சார். என் வெரல நெரிக்கிறாரு. இன்னொரு ஊசி போடுங்க" என்றார் சிஸ்டர். எரிச்சலோடுதான் போட்டேன். முடிந்ததும் சிஸ்டர் அந்தப் பெரியவரை ஒரு பிடி பிடித்தார்.

"இன்னா நைனா, வலிச்சா வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?"

"அவ்ளோ பெரிய டாக்டரு கேக்குறாரு. வலிக்குதுன்னு எப்டிம்மா சொல்றது?"

"நம்ம ஊருல டாக்டர்கிட்ட யாரும் சொல்லமாட்டாங்க சார். வாயக் கேக்காதீங்க, கையப் பாருங்க" என்று அன்று சிஸ்டர் எனக்குச் சொன்னார். புதிதாக வரும் டாக்டர்களிடம் அதை என் சொந்தச் சரக்குபோல நான் சொல்லித் திரிந்தேன்.

வயிற்றுப் புற்றுநோய் முற்றி வீட்டில் படுத்திருந்த சிஸ்டரைக் கடைசி வாரம் பார்க்கப் போனேன். கட்டிலருகே நாற்காலி போட்டார்கள்.

"வலிக்குதா சிஸ்டர்?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்குது. ஆஸ்பத்திரில கூட்டமா?"

நம்பிவிட்டேன். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, வலி மருந்தைக் கூட்டியிருக்கலாம். டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எல்லாம் முடிந்த அன்று வாசலில் மகள் சொன்னாள்: "நீங்க இருந்த வரைக்கும் போர்வைக்குள்ள என் கையப் புடிச்சினே இருந்தாங்க சார். நான் சொல்ல வந்தா கண்ணாலயே அதட்டுனாங்க. அன்னிக்குப் பூரா வெரல மடக்க முடியல."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த "இல்ல சார்" மட்டும்தான். இப்போது நோயாளி யார் அதைச் சொன்னாலும் கத்தியை வைத்துவிட்டு, துணிக்கு அடியில் அவர் கையைத் தேடிப் பிடிக்கிறேன்; பிறகு மறுபடி கை கழுவிவிட்டு வருகிறேன். சிஸ்டருக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.