முனியம்மாக்காவின் வீட்டுக்காரரும் அபினும்

முனியம்மாக்கா போய்விட்டார். பென்னாகரத்திலிருந்து அவருடைய தம்பி மகன் போன் செய்தான். தொண்ணூறு தாண்டிய வயது... தூக்கத்திலேயே.

நான் நர்ஸாகச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர். போதையில் கொண்டுவந்து போடப்படுகிறவர்களை நாங்கள் எல்லாரும் திட்டுவோம். அவர் மட்டும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார்.

"எதுக்குக்கா இவ்ளோ பாக்கறீங்க?" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் கல்யாணம். வீட்டுக்காரர் மாதையன் பாரவண்டி ஓட்டுபவர். வண்டி கவிழ்ந்து இடுப்பில் அடி. வலிக்கு யாரோ அபின் கொடுத்திருக்கிறார்கள். அப்போது கடையிலேயே விற்குமாம்.

நாளாக ஆக அளவு கூடியது. பசி இல்லை, வயிறு கட்டிக்கொண்டது, பேசும்போதே கண் செருகியது.

அக்காதான் பிடிவாதமாக நிறுத்தவைத்தார். மாட்டுக் கொட்டகையில் கூடவே உட்கார்ந்து... அவருக்கு ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகல், வாந்தி, பேதி, நல்ல வெயிலில் உடம்பெல்லாம் புல்லரிப்பு.

"துளியூண்டு குடு புள்ள, செத்துருவன்" என்று அழுதாராம். "செத்தாலும் தர மாட்டன்" என்றாராம் இவர்.

ஒரு வாரம் போல. பிறகு எழுந்து களி கேட்டார். "புது ஆளாட்டம் சிரிச்சாரு கண்ணு..."

சில மாதம் கழித்து வலி திரும்பியது. சந்தைக்குப் போனவர் ரகசியமாக வாங்கி, பழைய அளவையே போட்டுக்கொண்டு வண்டியில் படுத்துவிட்டார். மாடுகள் வழி தெரிந்து வீடு வந்துவிட்டன.

குறட்டை விடுகிறார், தூங்கட்டும் என்று அக்கா எழுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் உதடெல்லாம் நீலம்.

"முன்னாடி அதே அளவப் போட்டுக்கினு மாட்டுக்குத் தண்ணி காட்டுவாரு. அன்னைக்கு மட்டும் ஏன் கண்ணு?"

படித்ததைச் சொன்னேன். "நிறுத்துனா ஒடம்புக்குப் பழக்கம் வுட்டுப்போயிரும்க்கா. மறுபடி பழைய அளவு போட்டா தாங்காது. மூளை மயங்கி மூச்சே நின்னுரும்."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் நிறுத்த வெக்காம இருந்திருந்தா..."

"உங்க மேல தப்பில்லக்கா."

"தப்புன்னு சொல்லல கண்ணு. இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாரேன்னுதான்..."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வார்டுக்குப் போனார்.

நாளை எடுக்கிறார்கள். இந்த முட்டியை வைத்துக்கொண்டு என்னால் பஸ் ஏற முடியாது... மாலை கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

போய்ட்டு வாங்கக்கா.