குஞ்சு பொரித்ததும் வருகிறேன்

சர்க்கரை ஏறிவிட்டது, அரிசியைக் குறையுங்கள் என்றார் டாக்டர். மகள் மறுநாளே விழுப்புரம் கடைத்தெருவிலிருந்து தினை வாங்கி வந்துவிட்டாள். பளபளக்கும் பை, அதன்மேல் ஒரு மலை, மலைக்குப் பின்னால் ஒரு சூரியன். அவள் பையைப் பிரித்ததும் உலர்ந்த புல்லும் தூசியும் கலந்த ஒரு வாசனை வந்தது. எனக்கு அது சாப்பாட்டு வாசனை இல்லை. கூண்டு வாசனை.

"இன்னாப்பா, உப்புமாவ வச்சா தட்டையே பாத்துக்கினு இருக்க?"

"இத நான் கிளிக்குப் போட்டுக்கினு இருந்தேம்மா."

"அதுங்களுக்கும் சுகரா? சாப்புடு."

சாப்பிட்டேன். பறவைகள் உமியை நீக்கிவிட்டுத் தின்னும். எனக்கு அந்த வேலை மிச்சம்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அறையில் ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இருபத்து மூன்று பறவைகள். ஊரார் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் குட்டிக் கிளிகள்தான் பெரும்பான்மை: மஞ்சள், நீலம், பச்சை. அவை வாயை மூடுவதே இல்லை. அடுத்து இரண்டு காக்கட்டீல் கிளிகள், சாம்பல் உடம்பு, தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். அதில் சேவல் கண்டக்டர் விசிலைக் கற்றுக்கொண்டிருந்தது. இரண்டு விசில் அடித்தால் வண்டி கிளம்பலாம் என்று அர்த்தம் அல்லவா, அது எப்போதும் இரண்டுதான் அடிக்கும். அதை நம்பி ஒரு செஞ்சி பஸ் நகர்ந்தே விட்டது என்று கீழே இருந்த டீக்கடைக்காரர் சத்தியம் செய்வார். நான் நம்பியதில்லை, ஆனால் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது வகை ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ். பச்சை உடம்பு, பழுத்த கொய்யாவின் உட்புறம்போல முகம், குட்டை வால், விரலைக் கிழிக்கும் அலகு. ஒரு ஜோடி வைத்திருந்தேன். புதுச்சேரியிலிருந்து சைக்கிளில் கூண்டுகளைக் கட்டிக்கொண்டு வியாழக்கிழமைதோறும் வரும் காசிம் பாயிடம் வாங்கியது.

அப்போது எனக்கு எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கும் பைத்தியம். ஒரு குட்டிக் கிளி கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பதும் விடும், பிறகு அதற்கு அடுத்தது. என் வகுப்பில் மதியம் நடப்பதுதான் என்றாலும் நோட்டில் எழுதி வைத்தேன். எந்தப் பறவை எந்தக் காலால் தினைக்கதிரைப் பிடிக்கிறது என்பதற்கு ஒரு பக்கம். ஆப்பிரிக்கன் பறவைக்குப் பழைய விடைத்தாளைக் கொடுத்தால் அலகால் தையல்காரர்போல நேராக நறுக்கும். நறுக்கிய நாடாக்களை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு, பக்கவாட்டில் ஓட்டை போட்ட பானைக்குள் கொண்டுபோய் மெத்தை போடும். ஜோடியில் இரண்டுமே இப்படிச் செய்தன. அதையும் எழுதினேன். ஏன் இரண்டும் செய்கின்றன என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

மரக்காணம் பக்கத்திலிருந்து மீன் கொண்டு வரும் அம்மாள் ஒருவர், கரையில் ஒதுங்கும் கடல்நுரையை, அதாவது கணவாய் மீனின் வெள்ளை ஓட்டை, எனக்காகப் பொறுக்கி வருவார். முட்டையிடும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து. "சாரு மீனு வாங்க மாட்டாரு, ஓட்ட மட்டும் வாங்குறாரு. இத்த இன்னா கொழம்பா வைக்கிறது?" என்று கூடைக்காரிகள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்.

இத்தனையையும் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு அப்போது மனைவி இருந்தாள், நாலு வயது மகளும். இருவரும் விழுப்புரத்தில். சரோஜாவுக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை மதியம் நான் போவேன், திங்கள் காலை திரும்புவேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. என்னோடு வேலை பார்த்த பாதிப் பேர் சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு ரயிலில் தினமும் போய் வந்தார்கள்.

"ரூமக் காலி பண்ணிட்டு வந்துருங்க. சாயந்தரமானா புள்ள வாசலயே பாத்துக்கினு நிக்குது" என்பாள் சரோஜா. விழுப்புரத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்காரர் பூனை வளர்க்கவே விடாதவர். வருவதென்றால் பறவைகளை விட வேண்டும்.

"ஆப்பிரிக்கன் அடையில இருக்கு. இப்ப நகத்துனா முட்ட வீணாப் பூடும். குஞ்சு பொரிக்கட்டும், எல்லாத்தையும் பாய்கிட்ட குடுத்துட்டு வந்துர்றேன்."

அவள் ஒப்புக்கொண்டாள். திருவக்கரைப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற குடும்பத்துப் பெண். கோழி அடை வைத்துப் பழகியவளுக்கு இந்த நியாயம் புரிந்தது. சனிக்கிழமைகளில் மகளின் முதல் கேள்வி, "குஞ்சு வந்துட்ச்சாப்பா?"

இருபத்து மூன்று நாளில் பொரிக்க வேண்டும். ஒரு மாதமாயிற்று. வெயில் என்றேன். அடுத்த அடை, எட்டு முட்டை. ஒரு பறவைக்கு எட்டு அதிகம் என்று விலங்கியல் படித்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இடி இடித்ததில் கரு கலைந்திருக்கும் என்று சரோஜாவிடம் சொன்னேன். மூன்றாவது அடையின்போது காசிம் பாயை மேலே கூட்டி வந்து காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து வயிற்றுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார்.

"சார், ரெண்டும் பெட்ட."

"ஒண்ணுக்கொண்ணு ஊட்டிக்கிதே பாய்."

"கூட இருந்தா ஊட்டும் சார். எனக்கும் வாங்கும்போது தெரியல. சேவல் ஒண்ணு ஜல்தியா கொண்டாந்து மாத்திர்றேன். காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லயா?"

இரண்டு பெட்டைகளும் ஒரே பானையில் முட்டையிட்டு, ஒரே முட்டைகளின்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. எந்த முட்டையிலும் உயிர் இல்லை. சிறகில் நாடா செருகுவதே பெட்டையின் வேலைதான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பாய் படியிறங்கும்போது நான் சொன்னது, "மாத்த வேணாம் பாய், இருக்கட்டும்."

அந்தச் சனிக்கிழமை விழுப்புரத்தில் மகள் கேட்டாள். "இன்னும் இல்லம்மா, அடையில இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் அதையே சொன்னேன். எனக்கு வேறு பெண்ணோ குடியோ கிடையாது. பள்ளிவிட்டு வந்தால் கேள்வி கேட்காத ஓர் அறையும், ஒரு நோட்டும் எனக்குப் பிடித்திருந்தன. அவ்வளவுதான் காரணம். அவ்வளவுதான் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு நான் அறைக்கு வந்திருந்தபோது சரோஜா வாசலில் நின்றாள். முந்தின நாள் மாலை மகளுக்கு மூச்சு இரைத்து, தோளில் போட்டுக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். எனக்குச் சொல்ல அறையில் போன் இல்லை. இப்போது பரவாயில்லை, பக்கத்து வீட்டில் தூங்குகிறது என்றாள். சண்டை போடவில்லை. காக்கட்டீல் இரண்டு விசில் அடித்தது. அவள் நேராகப் பானையிடம் போனாள்.

கை விட்டு ஒரு முட்டையை எடுத்தாள். பெட்டைகள் கத்தின, ஒன்று அவள் விரலைக் கடித்தது. கையை இழுக்கவில்லை. முட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் தடையில்லாமல் ஊடுருவியது.

"கூமுட்ட" என்றாள். இன்னொன்று. "இதுவும்." பிறகு என்னைப் பார்த்தாள். "எத்தினி நாளா தெரியும் ஒங்களுக்கு?"

"இப்ப நீ காட்டித்தான் தெரியுது" என்றேன்.

அவள் முட்டைகளைப் பழையபடி பானைக்குள் வைத்தாள். "எடுத்துட்டா தேடும். அதுங்களுக்கே வெறுத்துப் போயி எந்திரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விரலில் இருந்த ரத்தத்தைக் குழாயில் கழுவினாள்.

அந்த மாதமே காலி செய்தேன். பாய் மூன்று நடையில் எல்லாவற்றையும் எடுத்துப் போனார். ஓய்வு பெறும்வரை சீசன் டிக்கெட்தான். சரோஜா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் இறந்து இரண்டு வருஷமாகிறது.

நேற்றுக் காலை மறுபடியும் தினை. மகளிடம் சொன்னேன்: "அந்தக் கிளிங்க ரெண்டும் பெட்டம்மா. அதான் குஞ்சு வர்ல. எனக்கு முன்னமே தெரியும்."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அம்மா சொல்லிச்சு. நான் காலேஜ் படிக்கறப்பவே."

"எனக்குத் தெரியும்ங்கறதுமா?"

"அதுவும்தான். பாய் ஒரு நாளு விழுப்புரம் வந்தாராம், அம்மாவ ஆபீஸ்ல பாத்து ரெண்டும் பெட்ட, சேவல் வந்துருக்கு, சாரு வேணான்றாருன்னு சொன்னாராம். அப்புறந்தான் அம்மா திண்டிவனம் வந்துச்சாம்."

"அப்ப ஏன் எங்கிட்டக் கேட்டா?"

"நீயா சொல்வியான்னு பாத்துச்சாம்ப்பா."

திண்டிவனத்தில் அந்த மாடியை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். நோட்டை எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை. எந்தக் காலால் எந்தப் பறவை கதிரைப் பிடித்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். அன்று ஜன்னலோரம் சரோஜா என் பதிலுக்காக எவ்வளவு நேரம் நின்றாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. நான் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.