தலைப்பானை

ராமாத்தாளைப் பொறாமைக்காரி என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. சொன்னால் அவளிடம் பதில் இருந்தது: "எனக்கென்னடி பொறாமை? நியாயந்தான் கேக்குறேன்."

மலாயாவில், புக்கிட் காத்திலுக்கு அப்பால் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பதினாறு வயதில் பால்வெட்டுக் கத்தி பிடித்தவள். புருஷன் பெரியதம்பி வாயில்லாப் பூச்சி. பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை தலைப்பானை. பழைய லயத்து வரிசை வீடுகளில் அவள் வீடு கிழக்குக் கோடி. தை முதல் நாள் வெயில் முதலில் அவள் வாசலில்தான் விழும். அவள் பானை பொங்கி, குலவை கேட்ட பிறகுதான் மற்ற வீடுகளில் அடுப்புப் பற்றும். பதினோரு வருஷம் இப்படித்தான். தோட்டத்துக் கூலிபோல் சூரியனே தன் வாசலில் காலைப் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகிறார் என்று அவளுக்கு நினைப்பு.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்து அந்த நினைப்பில் மண்ணைப் போட்டது. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாதென்று லயங்களையெல்லாம் பிரித்து, முள்வேலிக்குள் நெருக்கிக் கட்டினார்கள். யாருக்கு எந்த வீடு என்று தோட்டக் கணக்கெழுதும் கிராணி சீட்டு எடுத்தார். கிழக்குக் கோடி, தோட்டத்துக்குப் புதிதாக வந்த குஞ்சம்மாவுக்கு விழுந்தது. ராமாத்தாளுக்கு மேற்குப் பார்த்த வீடு, கக்கூஸுக்குப் பக்கத்தில்.

"நேத்து வந்தவளுக்குச் சூரியன், எனக்கு நாத்தம்" என்று அவள் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். குஞ்சம்மா வாசல் பெருக்கினாலும் தப்பு, கோலம் போட்டாலும் தப்பு. "பாரு, வெயிலு மேல பட்டதும் மூஞ்சியே மினுங்குது!"

வேலிவாசல் மலாய்க் காவல்காரன் யூசோப் மட்டும் இந்தப் புலம்பலைக் காது கொடுத்துக் கேட்டான். விடியுமுன் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டுகிறவன். அவளை அத்தை முறை வைத்து உடைந்த தமிழில் சொன்னான்: "சூரியன் ஒன்னுதானே, மாக்சிக். அல்லா எல்லாருக்கும் குடுத்தது."

"ஒன்னுதான்லா. ஆனா மொத யாரு வாசல்ல போய் நிக்குது? அதச் சொல்லு!"

பொங்கல் வந்தது. ரேஷனில் வாங்கிய ஒரு டின் பாலை அவள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். ஒரே யோசனை: குஞ்சம்மாவுக்கு முன்னால் பொங்கிவிட வேண்டும். அவள் வீட்டின் பின்பக்கம், இரண்டு லயங்களுக்கு நடுவே ஒரு சந்து. அதன் வழியே கிழக்கு வேலி ஒரு முழம் தெரியும். அந்த ஒரு முழம் போதும்.

ஆறு மணிச் சங்கு ஊதி ஊரடங்கு விட்டதும் சந்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். பனி புகையாய் இறங்கியிருந்தது. பால் நுரை கட்டும்போது பனி சற்று விலகி, வேலிக்கு மேலே செம்மஞ்சளாய் ஒரு வட்டம் தெரிந்தது. பானை பொங்கிக் கிழக்கே வழிந்தது. ராமாத்தாள் அடிவயிற்றிலிருந்து குலவை இட்டாள். பதினோரு வருஷப் பழக்கம். அவள் வரிசையில் நாலு வீட்டுப் பெண்கள் அவசரமாக அடுப்பில் பானையை ஏற்றினார்கள்.

குஞ்சம்மா ஏற்றவில்லை. சும்மா வாசலில் நின்றாள். வயிறெரியுது போல என்று ராமாத்தாளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

திடீரென்று வட்டம் அணைந்தது.

முந்தின நாள் ஊரடங்குக்குப் பிறகு, எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில், கிழக்கு வேலியில் காவல்காரர்கள் மாட்டிய புது விளக்கு அது. அந்தக் கோடியில் இருந்த குஞ்சம்மா ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். மற்றவர்களுக்குத் தெரியாது.

"அடியே ராமாத்தா, ஒன் சாமிய சுவிட்சு போட்டு அமத்திட்டானுங்கடி!" என்றாள் பக்கத்து வீட்டு முத்தாயி. லயமே சிரித்தது. நாலு வீட்டுப் பெண்கள் ராமாத்தாளைத் திட்டிக்கொண்டே பொங்காத பானைகளை இறக்கி, குஞ்சம்மா வாசலுக்குத் தூக்கிப் போனார்கள்.

அரை மணி கழித்து நிஜச் சூரியன் வந்தார். குஞ்சம்மா வாசலில்தான் நின்றார். அங்கே குலவை எழும்பியது.

ராமாத்தாள் ஆறிப்போன பானையோடு சந்தில் உட்கார்ந்திருந்தாள். இனி வேறு பாலில்லை. சூரியனுக்குக் காட்டாத பொங்கலைத் தின்றால் வருஷம் விளங்குமா?

குஞ்சம்மாவே சிரித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, எங்க வாசல்ல எடம் இருக்கு. கொண்டாந்து வெச்சுக் கும்பிட்டுக்குங்க. அவரு ஆறுன சோறுன்னு கோவிச்சுக்கவா போறாரு?"

அந்தச் சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று ராமாத்தாள் நன்றாகத் தேடினாள். இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

போனாள். எல்லாப் பானைகளுக்கும் பின்னால் தன் பானையை வைத்தாள். கும்பிடக் கை கூப்பியவள் கண்ணில் பட்டது, குஞ்சம்மா பானையின் நிழல் தன் பானைமேல் விழுவது.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். பானையைத் தூக்கி, குஞ்சம்மா பானைக்கு ஒரு சாண் கிழக்கே தள்ளி வைத்தாள். இப்போது ராமாத்தாள் பானையின் நிழல் குஞ்சம்மா பானைமேல் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.